பனிநாட்டில் பேரக்குழந்தை: குளிரைப் பற்றிய இரு பார்வைகள்

நார்வே, சுவீடன், பின்லாந்து முதலிய நாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் குழந்தை பிறந்தால், உதவிக்காக ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் செல்வது வழக்கம். சென்ற சில நாட்களிலேயே அவர்களைத் திகைக்கவைக்கும் காட்சி ஒன்று உண்டு. வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இருக்கும் பகற்பொழுதில், கைக்குழந்தைகள் தள்ளுவண்டியில் நன்கு போர்த்தப்பட்டு வீட்டுக்கு வெளியே உறங்குவார்கள். மழலையர் பள்ளிப் பிள்ளைகள் பனியில் புரண்டு விளையாடுவார்கள். "பச்சைப்பிள்ளையை இந்தக் குளிரில் விடலாமா?" என்று பாட்டி கேட்பார், "இங்கே எல்லாரும் இப்படித்தான் அம்மா" என்பாள் மகள். பயணத்துக்கு முன் ஆலோசனைக்கு வரும் பெரியவர்கள் பலரும் எழுப்பும் கேள்வி இது. இரு தரப்பிலும் உண்மை உண்டு. எது எவ்வளவு உண்மை என்பதை இங்கே காண்போம்.

அவ்வழக்கத்தின் பின்னணி

பின்லாந்தில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கணைச்சூடு எனப்படும் எலும்பு மென்மை நோய் குழந்தைகளிடையே மிகுந்திருந்தது. அர்வோ யூல்ப்போ என்னும் குழந்தைநல மருத்துவர், குழந்தைகளுக்கு வெளிக்காற்றும் வெளிச்சமும் தேவை என்று வலியுறுத்தினார். அந்நாட்டு அரசு 1938 முதல் வறிய தாய்மார்களுக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும் குழந்தைக்கான உடைகள் அடங்கிய பெட்டியை வழங்கி வருகிறது. மோசமான வானிலை என்று ஒன்றில்லை, மோசமான உடைதான் உண்டு என்பது நார்வே மக்களின் வழக்குமொழி. குழந்தையைக் குளிரில் 'விடுவது' அவர்கள் வழக்கமன்று. குளிருக்கு ஏற்ப உடுத்தி வெளியே கொண்டுசெல்வதே அவர்கள் வழக்கம்.

சளி எங்கிருந்து வருகிறது?

சளி, இருமல் இரண்டுக்கும் பெரும்பாலும் வைரஸ் கிருமிகளே காரணம். குளிர்ந்த காற்று கிருமியை உண்டாக்குவதில்லை. ஆனால் குளிர்காலத்தில் சன்னல்களை மூடிக்கொண்டு பலரும் ஒரே அறையில் இருப்பதால் கிருமி எளிதில் பரவுகிறது. வறண்ட காற்றும் அதற்குத் துணைபோகிறது. ஆகவே வெளியே விளையாடும் பிள்ளையைவிட, இருமும் உறவினரின் மடியில் இருக்கும் பிள்ளைக்கே சளி பிடிக்கும் வாய்ப்பு மிகுதி. கை கழுவுவதும், சளி பிடித்தவர் குழந்தையை முத்தமிடாமல் இருப்பதும் குல்லாவைவிடப் பெரிய பாதுகாப்பு.

பாட்டியின் அச்சம் எங்கே சரி?

கைக்குழந்தையின் உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், தலையும் பெரிது. எனவே வெப்பம் விரைவில் வெளியேறும். பிறந்த சில வாரங்களில் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறனும் குறைவு. குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, காய்ச்சலுள்ள குழந்தை ஆகியோரை உறைகுளிரில் வெளியே உறங்கவைக்கக் கூடாது. காற்றின் வேகத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியசாக இருந்து, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் வீசினால், தோல் அதனை ஏறக்குறைய மைனஸ் 20 டிகிரியாக உணரும்.

உடுத்தும் முறை

உடலை ஒட்டி மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் தடித்த கம்பளி, வெளியே காற்றும் நீரும் புகாத மேலுடை என மூன்று அடுக்குகள் தேவை. நாம் விரும்பும் பருத்தி, வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடற்சூட்டைக் குறைத்துவிடும். குழந்தையின் கையும் காலும் சில்லென்றிருப்பது இயல்பே. பிடரியிலோ மார்பிலோ கைவைத்துப் பாருங்கள். அங்கே இதமான சூடு இருந்தால் போதும். வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள்.

வீட்டுக்குள் அளவுக்கு மீறிப் போர்த்துவதும் ஆபத்தானது. உறக்கத்தில் குழந்தை திடீரென இறக்கும் நிகழ்வுக்கு மிகை வெப்பம் ஒரு காரணியாகும். உறங்கும் அறை 16 முதல் 20 டிகிரி வரை இருக்கலாம். வீட்டுக்குள் உறங்கும்போது குல்லா வேண்டா; மல்லாந்தே படுக்கவையுங்கள். காரில் குழந்தை இருக்கையில் அமர்த்தும்போது தடித்த மேலுடையைக் கழற்றி, வாரை இறுக்கியபின் மேலே போர்வையிடுங்கள். மேலுடையோடு பூட்டினால் வார் தளர்ந்திருக்கும்; விபத்தில் அது காக்காது.

மறக்கக் கூடாத வைட்டமின் டி

ஆஸ்லோ போன்ற நகரங்களில் குளிர்கால வெயிலால் தோலில் வைட்டமின் டி உருவாவதில்லை. நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்குக் கோடையிலும் கூடுதல் வெயில் தேவைப்படும். குறைபாடு நீடித்தால் கால் வளையலாம். கைக்குழந்தைக்கு வலிப்பும் வரலாம். கைக்குழந்தைக்கு நாள்தோறும் 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட், சொட்டுமருந்தாகக் கொடுப்பது வழக்கம். அங்குள்ள குழந்தைநல நிலையத்தில் அளவைக் கேட்டறிந்து தவறாமல் கொடுங்கள்.

பெட்டியில் எடுத்துச் செல்ல வேண்டாதவை

கற்பூரத்தை எண்ணெயில் கலந்து தேய்ப்பது வேண்டா. அது உடலுக்குள் சென்றால் வலிப்பு வரும். மூக்கில் எண்ணெய் விடுவது நுரையீரலைக் கெடுக்கும். மூடிய வீட்டில் சாம்பிராணிப் புகை மூச்சுக்குழலை உறுத்தும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது.

உடனே மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

• மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சல்
• மூச்சுவிடும்போது விலாப்பகுதி உள்ளிழுத்தல், அல்லது வேகமான மூச்சு (இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல்)
• உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குதல், பால் குடிக்காமை, துவண்டு கிடத்தல்
• கன்னம், காது, விரல் வெளுத்து மரத்துப்போதல். அவ்விடத்தைத் தேய்க்காமல், வெதுவெதுப்பான நீரில் வைத்துக்கொண்டே மருத்துவ உதவி நாடுங்கள்.

பயணத்துக்கு முன்பே மகளுடனோ மருமகளுடனோ தொலைபேசியில் இவற்றைப் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். குளிர்ந்த வாசலில் நின்றுகொண்டு வாதிடுவதைவிட அது எளிது. உங்கள் பேரக்குழந்தைக்கு இதயநோய், ஆஸ்துமா போன்ற சிக்கல் இருந்தால், அக்குழந்தையைப் பார்க்கும் மருத்துவரின் அறிவுரையே முதன்மையானது.