அழகு வண்டியும் அளவறிந்த சக்கரமும்

விழிஞ்ஞத்தில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் மோட்டார் வண்டி இன்று அரிய பொருளன்று. முக்கோலை வழியே புறவழிச் சாலை செல்கிறது. 2025 மே 2-ஆம் நாள் துறைமுகமும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்றது. நம் இளைஞர் சிலர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, புதுச் சக்கரமும் புது ஒப்பனையும் செய்ய விழைகின்றனர். ஆசை குற்றமன்று. ஆனால் செலவாவது குடும்பத்தின் சேமிப்பு. வண்டியில் அமர்வோர் நம் மனைவி மக்கள். ஆதலின் சில செய்திகளைக் கூற விரும்புகிறோம்.

இருப்புப்பாதைப் பணியில் உள்ள நமக்குச் சக்கரம் என்றாலே அளவுதான் முதலில் நினைவுக்கு வரும். காருக்கும் அதுவே விதி. டயரில் 185/60 ஆர் 14 என்றிருந்தால், அகலம் 185 மில்லிமீட்டர்; பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 60; ரிம்மின் விட்டம் 14 அங்குலம். முழு விட்டம் ஏறத்தாழ 578 மில்லிமீட்டர். இதற்குப் பதில் 195/50 ஆர் 15 பூட்டினால் விட்டம் 576. வேறுபாடு மிகச் சிறிது. 195/60 ஆர் 15 பூட்டினாலோ 615 ஆகிவிடும். அப்போது வேகமானி 80 எனக் காட்டுகையில் வண்டி 85 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ரிம் பெருத்தால் பக்கச்சுவர் தாழ வேண்டும் என்பதே இதன் கணக்கு.

போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும், நடுத்துளையின் அளவும் பொருந்த வேண்டும். ரிம் வெளியே பிதுங்கினால் டயர் மட்கார்டில் உரசும். பேரிங்கும் விரைவில் தேயும். பெரிய ரிம் பெரும்பாலும் எடை மிக்கது. வண்டியின் விரைவு குறையும், குலுக்கல் மிகும். மலிவாகக் கிடைக்கிறதென்று வெல்டிங் செய்த பழைய அலாய் ரிம்மை ஒருபோதும் வாங்கற்க. ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்குக.

நம் ஊரின் உப்புக்காற்றையும் மறத்தலாகாது. இரும்பு ரிம் துருவேறும். அலாய் ரிம்மில் பூச்சு பெயர்ந்த இடத்தில் உப்பு புகுந்து வெண்மையாய் அரிக்கும். வாரந்தோறும் நன்னீரால் கழுவுதல் செலவில்லாத காப்பு.

இனிச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றுதல் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்திற்று. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வண்டியின் நிறத்தை மாற்றுவோர் முதலில் பதிவு அதிகாரியின் இசைவைப் பெறுதல் வேண்டும். மாற்றத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்தல் நலம்; மறைத்தால் விபத்தின்போது இழப்பீடு கிட்டாமற் போகலாம்.

ஆகவே, கையிலுள்ள பணத்தை முதலில் நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் செலவிடுக. டயரில் உள்ள நான்கு இலக்கங்களைக் காண்க: 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. எஞ்சியதில் பழைய ரிம்முக்கே வண்ணம் பூசலாம். இருக்கை உறையைப் புதுப்பிக்கலாம். சிறிய செலவில் வண்டி பொலிவுறும். வீட்டாரும் அச்சமின்றி அதில் ஏறுவர்.