எவர்சில்வர் கரண்டிக்குக் கை வெல்டிங்: எது செய்யலாம், எது கூடாது?



பருப்பும் சீனியும் அள்ளும் எவர்சில்வர் கரண்டி ஒன்று உடைந்தால் அதில் என்ன பெரிய நஷ்டம் என்று தாங்கள் கேட்கலாம். ஒன்று என்றால் நஷ்டமில்லைதான். கோவில்பத்தில் உள்ள எங்கள் கிடங்கில் அள்ளும் கரண்டி, எண்ணெய்ப் புனல், மூட்டையில் குத்தி மாதிரி எடுக்கும் குத்தூசி, சல்லடை என்று நாற்பதுக்குக் குறையாமல் புழங்குகின்றன. வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு கைப்பிடி கழன்றோ வாய் கிழிந்தோ மூலைக்குப் போய்விடும். பழைய பாத்திரக்காரர் எடைக்கு எடுக்கும்போது கையில் வருவது டீ செலவுக்குக் கூடக் காணாது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகன் ஒரு நாள் சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். தோளில் மாட்டிக்கொள்ளலாம் போன்ற எடை. வீட்டு மின்சாரத்திலேயே ஓடுகிறது. கிடங்கின் இரும்புக் கதவுக்குக் கீல் வைத்தோம், நன்றாகப் பிடித்தது. அந்தத் தைரியத்தில் கைப்பிடி கழன்ற ஒரு கரண்டியை எடுத்து, கதவுக்கு வைத்த அதே ராடை வைத்தேன். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு ரூபாய் நாணயம் அளவு ஓட்டை. அதை அடைக்கப் போனதில் ஓட்டை இரண்டாயிற்று.

பக்கத்து லேத் பட்டறைக்காரரிடம் காட்டினேன். "முதலாளி, இது இரும்பு மாதிரி இல்லீங்க. சூட்டைப் பரவ விடாது, வச்ச இடத்திலேயே நிக்கும்" என்றார். சரியான பேச்சு. சாதாரண இரும்போடு ஒப்பிட்டால் எவர்சில்வர் வெப்பத்தைக் கடத்துவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. சூட்டில் விரிவதோ ஒன்றரை மடங்கு. ஆகவே ஒரே இடம் உருகி ஓட்டையாகும், சுற்றியுள்ள தகடு அப்பளம்போல் நெளியும்.

இந்த உலோகம் 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய்க்காக உலோகம் தேடியபோது பெயர் பெற்றது. நம் பக்கம் 1980-களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை தகடு உருட்டத் தொடங்கியது. துருப் பிடிக்காமைக்குக் காரணம் இதில் கலந்துள்ள குரோமியம். அது காற்றுடன் சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்குகிறது. நல்ல பாத்திர ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். விலை மலிந்த ரகங்களில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்ப்பார்கள். நம்மைப்போல் கடலோரத்தில், உப்புக் காற்றில் கடை வைத்திருப்பவர்கள் அவற்றில் பழுப்புப் புள்ளி விழுவதைப் பார்த்திருப்போம். காந்தம் பலமாக ஒட்டிக்கொண்டால் அது நிக்கலே இல்லாத ரகமாக இருக்கலாம். அதில் பற்றவைத்த இடம் எளிதில் முறியும் என்பதால் நான் தொடுவதில்லை.

இனி பலித்த முறையைச் சொல்கிறேன். முதலில் தகட்டின் கனம் பார்க்க வேண்டும். கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும் என்பது பாத்திரம் வாங்குவோர் அறிந்ததே. 18 கேஜ் என்பது 1.2 மில்லிமீட்டர். அந்தக் கனத்துக்குக் கை வெல்டிங் தாங்கும். 22 கேஜ் 0.7 மில்லிமீட்டர்தான். அதில் எவ்வளவு கைத்தேர்ச்சி இருந்தாலும் ராடு வெல்டிங் சூதாட்டமே. கரண்டியின் குழிவுப் பகுதி பெரும்பாலும் இந்த மெலிந்த ரகம். கைப்பிடியும் குத்தூசியும் கனமானவை.

ராடு 308எல் என்று கேட்டு வாங்க வேண்டும். எவர்சில்வரை இரும்போடு சேர்ப்பதானால் 309எல். 1.6 மில்லிமீட்டர் ராடு கிடைத்தால் நல்லது. மின்னோட்டம் 30 முதல் 40 ஆம்பியருக்குள் இருக்கட்டும், ராடு பாசிட்டிவ் பக்கம். தகட்டின் பின்னால் ஒரு செப்புப் பட்டையை இறுக்கி வைத்தால் அது சூட்டை இழுத்துக்கொள்ளும், ஓட்டை விழுவது வெகுவாகக் குறையும். கோடாக இழுத்துக்கொண்டே போகக் கூடாது. ஒரு பொட்டு வைத்து, கை பொறுக்கும் அளவு ஆறவிட்டு, அடுத்த பொட்டை எதிர் மூலையில் வைக்க வேண்டும். அவசரக்காரருக்கு இந்த வேலை ஆகாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ராடு நமத்துப் போகும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

மெல்லிய குழிவில் கைப்பிடி கழன்றிருந்தால் எவர்சில்வர் ரிவிட் இரண்டு அடிப்பதே வெல்டிங்கைவிட மேல் என்பது என் அனுபவம். வாயே கிழிந்திருந்தால் ஆர்கான் வெல்டிங் பட்டறைக்கு அனுப்பலாம், நாலைந்து சேர்த்துக் கொடுத்தால் கட்டும். ஒன்றே ஒன்று என்றால் புதுக் கரண்டியே மலிவு. காரீயம் கலந்த பற்றைத் தின்பண்டம் படும் பொருளில் வைக்கவே கூடாது.

ஒட்டியது போதும் என்று நேரே பருப்பு மூட்டைக்குள் விடக் கூடாது. மேலுள்ள கசடு ஆறும்போது தானாகவே தெறிக்கும், கண்ணாடி போடாமல் குனிந்து பார்க்காதீர்கள். பிரஷ் எவர்சில்வர் கம்பியாகவே இருக்க வேண்டும். இரும்புக் கம்பி பிரஷ் போட்டால் அதன் துகள் ஒட்டி, பத்தே நாளில் துரு தெரியும். நீலம் பாய்ந்த இடத்தையும் தேய்த்து எடுக்க வேண்டும், அங்கே பழைய பாதுகாப்பு இல்லை. விரலால் தடவினால் வழவழப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பில் மாவு தங்கினால் வண்டு வரும். தின்பண்டம் படும் கருவிகள் துருப் பிடிக்காதவையாக, எளிதில் கழுவக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளும் சொல்கின்றன.

சாக்குக் கிடங்குக்குள் இந்த வேலை வேண்டாம். பொறி 35 அடி வரை பறக்கும் என்று கணக்கு வைத்துத்தான் எரியும் பொருள்களை அகற்றச் சொல்கிறார்கள். திறந்த வெளியில், காற்று புகையை முகத்தைவிட்டு அப்பால் தள்ளும்படி உட்காருங்கள். எவர்சில்வர் புகையில் குரோமியத்தின் நச்சு வடிவம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்தது. மாதம் ஒரு கரண்டிதானே என்று இதை அலட்சியம் செய்ய வேண்டாம்.

கடைசியாக ஒன்று. கரண்டி கைவந்ததும், கசிகின்ற ஒரு லிட்டர் எண்ணெய் அளவையை என் மகன் மேசையில் வைத்தான். தடுத்துவிட்டேன். உள்ளே ஒரு பொட்டு உலோகம் சேர்ந்தாலும் கொள்ளளவு குறையும். தராசுத் தட்டில் சேர்ந்தால் எடை தவறும். சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-இன்படி எடைகளையும் அளவைகளையும் பழுது பார்க்க உரிமம் வேண்டும், பழுது பார்த்ததை மறுபடி சரிபார்த்து முத்திரை பெற வேண்டும். நம் கை சுத்தமாக இருந்தாலும் வாடிக்கையாளருக்கும் ஆய்வாளருக்கும் ஒட்டுப்போட்ட அளவை சந்தேகத்தைத்தான் கிளப்பும். அந்த அளவையை உரிமம் பெற்றவரிடமே அனுப்பினேன். முத்திரையோடு திரும்பி வந்துள்ளது, சான்றிதழைக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறோம்.