கடையில் இருக்கும் நாம் யார்? பத்திரத்தில் உள்ள ஒரு சொல்!

கடை பிடிக்கும்போது இடம் எப்படி, அட்வான்ஸ் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்கிறோம். ஆனால் உரிமையாளர் நீட்டும் பத்திரத்தில் நம்மை என்ன சொல்லால் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. "வாடகை கொடுக்கிறேன், நான் வாடகைதாரர்தானே" என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். பிற்பாடு கடையைக் காலி செய்யச் சொல்லும்போதுதான் அந்தச் சொல்லின் மதிப்பு தெரிகிறது.

வாடகைதாரர், குத்தகைதாரர்

மாத வாடகைக்கு இருப்பவரை வாடகைதாரர் என்றும், ஆண்டுக் கணக்கில் எடுப்பவரைக் குத்தகைதாரர் என்றும் வழக்கத்தில் சொல்கிறோம். 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டப்படி இரண்டும் ஒரே வகைதான். இடத்தை அனுபவிக்கும் உரிமையே இவர்கள் கைக்கு வந்துவிடுகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தம் பெருகியதற்குக் காரணம் இதுதான்.

உரிமதாரர்

'லைசென்ஸ்' அடிப்படையில் இருப்பவர் உரிமதாரர். அதே 1882-ம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இவரைப் பற்றிப் பேசுகிறது. இவருக்கு இடத்தில் உரிமை கிடையாது. இருந்து தொழில் செய்ய அனுமதி மட்டுமே உண்டு. பொதுவாக அந்த அனுமதியை இன்னொருவருக்கு மாற்ற முடியாது, அது வாரிசுக்கும் போகாது. அனுமதியை ரத்து செய்தால் சாமான்களை எடுத்துக்கொண்டு போக நியாயமான அவகாசம் கேட்கலாம், அவ்வளவுதான்.

ஓர் உதாரணம். தந்தை இருபது ஆண்டு பலசரக்குக் கடை நடத்துகிறார். அவர் காலமான பின் மகன் கடையைத் திறக்கிறார். உரிமையாளர் பழைய பத்திரத்தைக் காட்டுகிறார். அதில் வாடகை என்ற சொல்லே இல்லை. "உரிமக் கட்டணம்" என்று இருக்கிறது. ஊரே அறிந்த கடை, ஒரு சொல்லால் ஆட்டம் காண்கிறது.

பெயர் மட்டும் போதுமா?

இங்கேதான் நமக்கு ஓர் ஆறுதல். டில்லி இம்பீரியல் ஓட்டலில் முடிதிருத்தும் நிலையம் நடத்த இரண்டு அறைகளை ஒருவர் எடுத்திருந்தார். பத்திரத்தில் 'லைசென்ஸ்' என்றே எழுதியிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1959-ல் வந்த தீர்ப்பில், தலைப்பைப் பார்க்காதே, உள்ளடக்கத்தைப் பார் என்ற கொள்கை நிலைநிறுத்தப்பட்டது. அந்த இடம் முழுவதும் அவர் பிடியில் இருந்ததால் அது குத்தகையே என்று முடிவாயிற்று.

ஆகவே சாவி யாரிடம், உரிமையாளர் நினைத்தபோது உள்ளே வரலாமா, இடம் குறிப்பிட்டதா என்பதெல்லாம் கணக்கில் வரும். ஆனால் இதை நிரூபிக்க ஆண்டுக் கணக்கில் கோர்ட்டுக்கு நடக்க வேண்டுமே! கையெழுத்துக்கு முன் பத்து நிமிடம் படிப்பது எவ்வளவோ மேல்.

காலம் முடிந்தபின் இருப்பவர்

ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் உரிமையாளர் வாடகை வாங்கிக்கொண்டு நம்மை இருக்கவிட்டால் வாடகை உறவு தொடரும். அவர் சம்மதம் இல்லாமல் இருந்தால் அந்த நிலை பலவீனமானது. ஆகவே ரசீது இல்லாமல் வாடகை கொடுக்காதீர்கள்.

புதிய சட்டம்

1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இப்போது இல்லை. 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 22-2-2019 முதல் அமலில் உள்ளது. இதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். எழுத்து ஒப்பந்தம் செய்யத் தவறுவதே காலி செய்யக் கோருவதற்கு ஒரு காரணமாகிறது. "வாய்ப்பேச்சுதான், நல்ல மனிதர்" என்று இருந்துவிட வேண்டாம். அரசு, உள்ளாட்சிக் கடைகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. அங்கே ஏல நிபந்தனைகளைப் படியுங்கள்.

செய்ய வேண்டியவை

1. பத்திரத்தில் வாடகைதாரரா, உரிமதாரரா என்று பாருங்கள்.
2. கொடுக்கும் பணம் வாடகையா, கட்டணமா என்று பாருங்கள்.
3. அட்வான்ஸ் தொகையைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள்.
4. உரிமையாளர் சம்மதமின்றி உள்வாடகை விடாதீர்கள்.
5. புரியாத சொல் இருந்தால் வக்கீலிடம் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

சரக்கை எடை பார்த்து வாங்குகிற நாம், சொல்லையும் எடை பார்த்து வாங்குவோம்.