பரம்பு என்றொரு பழஞ்சொல்

தென் தமிழகத்தின் சிவகளை வட்டாரத்தில் மேட்டு நிலத்துக்கு இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. ஒன்று பரம்பு, மற்றொன்று திரடு. வெளியூர்க்காரர் கண்ணுக்கு இரண்டும் மேடுதான். தமிழகத் தொல்லியல் துறை அங்கே குழி போட்டபோது, சிவகளைப் பரம்பில் வரிசையாக முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்டன. திரடுகளிலோ மக்கள் குடியிருந்த தடயங்கள். இறந்தோர் மேட்டையும் இருந்தோர் மேட்டையும் ஊரார் வேறுவேறு பெயரிட்டே அழைத்து வந்திருக்கிறார்கள்.

அங்கே ஒரு தாழியில் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அதே மண்ணின் இரும்புக்குக் கி.மு. 4-ஆம் ஆயிரத்தாண்டுவரை காலக்கணிப்பு கிடைத்திருப்பதாக 2025 ஜனவரியில் அரசு வெளியிட்டது.

தாமிரபரணியின் தென்கரையில் இன்னொரு பரம்பு உண்டு. ஆதிச்சநல்லூர்ப் பரம்பு 114 ஏக்கர். 1876-இல் ஜெர்மானியர் ஜாகோர் தோண்டினார். அவருக்குப் பின் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ வந்தார். பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் இரும்புக் கருவிகளும் கிடைத்தன. 2004-இல் தொடங்கிய அகழாய்வில் மட்டும் 160-க்கும் மேற்பட்ட தாழிகள். ஆற்றோர நன்செய் சோறு போடும் நிலம். அதை விட்டுவிட்டு, ஏர் இறங்காத சரளை மேட்டை முன்னோருக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.

இறந்தோரின் இடத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் வழக்கம் அயர்லாந்திலும் உண்டு. அங்கே ‘டூயம்’ நகரின் பெயரே புதைமேட்டைக் குறிக்கும் ஐரியச் சொல்லிலிருந்து வந்தது. ‘குளோன்ஃபெர்ட்’ என்றால் கல்லறைப் புல்வெளி. கல் சரிந்து மேடு கரைந்தாலும், இறந்தோர் கிடக்கும் இடத்தை ஊர்ப்பெயர் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அதனால்தான் ஒரு வேண்டுகோள். வயலும் மேடும் மனைகளாகும்போது, பழைய பெயர் அழிந்து ஏதோ ஒரு ‘நகர்’ வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆதிச்சநல்லூரில் கண்ணாடித் தளத்தின் கீழே தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்க முடிகிறது. அவ்வளவு அக்கறை பெயருக்கும் வேண்டும். உங்கள் ஊரில் பரம்பு, திரடு, தாழி என்று ஒரு நிலத்துக்குப் பெயர் இருந்தால், அதைப் பட்டாவிலும் பெயர்ப்பலகையிலும் அப்படியே விட்டுவையுங்கள். நாளை மண்வெட்டி எடுத்து வருபவர் முதலில் கேட்கப்போவது அந்தப் பெயரைத்தான்.