கரன்ட் வைத்தால் மட்டும் வலி போய்விடுமா? பிசியோதெரபியில் நாம் பாதியில் விடும் விஷயம்!

தீபாவளிக்கு ஒன்றரை மாதம் முன்பே எங்கள் வீட்டில் தையல் மெஷின் ராத்திரி 11 மணி வரை ஓடும். போன வருடம் 8 மணிக்கே நின்றுவிட்டது. அம்மாவுக்குக் கழுத்திலிருந்து வலது தோள்பட்டை வரை இறுகப் பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்தார், சுளுக்கு எடுத்தார், மாத்திரை போட்டார். கடைசியில் பிசியோதெரபிக்கு அழைத்துப்போனேன்.

ஐந்து நாள் கரன்ட் வைத்ததும் வலி குறைந்தது. வீட்டில் செய்யச் சொல்லி சில பயிற்சிகளும் கொடுத்தார்கள். "வலிதான் போயிடுச்சே, இன்னும் எதுக்கு?" என்று அம்மா அவற்றை விட்டுவிட்டார். மூன்றே வாரத்தில் வலி திரும்பியது. வாங்கி வைத்திருந்த ரவிக்கைத் துணிகளில் பாதியை வேறு டெய்லரிடம் கொடுக்க வேண்டியதாயிற்று.

கரன்ட் என்ன செய்கிறது?

நாம் 'கரன்ட் வைப்பது' என்று சொல்வது பெரும்பாலும் டென்ஸ் அல்லது ஐ.எஃப்.டி சிகிச்சை. தோலில் பேடு ஒட்டி, மிதமான மின்சாரத்தைச் செலுத்துவார்கள். எறும்பு ஊர்வதுபோல இருக்கும். அந்த உணர்வு நரம்பு வழியே போகும்போது, வலிச் செய்தி தண்டுவடத்தைத் தாண்டி மூளைக்குப் போவது குறைகிறது. 1965-ல் மெல்சாக், வால் என்ற இரு விஞ்ஞானிகள் சொன்ன 'கேட்' கோட்பாடு இதுதான். முழங்கையை இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிடுகிறோமே, அதே கணக்கு!

ஆனால், இது வலியைத்தான் குறைக்கும். தசையின் பலத்தைக் கூட்டாது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் கர்ப்பிணிகளும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஐஸா, வெந்நீரா?

புதிதாக அடிபட்டு வீங்கியிருந்தால், துணியில் சுற்றிய ஐஸை 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். வீக்கமில்லாத, நாள்பட்ட இறுக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். சர்க்கரை நோயால் மரத்துப்போன கால்களுக்கு ஒத்தடம் வேண்டாம். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

பயிற்சிதான் மருந்து

தலையைக் குனிந்தபடியே மணிக்கணக்கில் தைப்பது, மொபைல் பார்ப்பது, லேப்டாப்பில் வேலை செய்வது என எல்லாவற்றிலும் கழுத்துத் தசைகள் ஓய்வே இல்லாமல் பாரம் தாங்குகின்றன. தசை பலமானால், அதே வேலை அதற்குப் பாரமாகத் தெரியாது. அந்தப் பலம் வர 6 முதல் 12 வாரங்கள் ஆகலாம். ஆனால், வலி அதற்கு வெகு முன்பே குறைந்துவிடுகிறது. நாம் ஏமாறும் இடம் இதுதான்.

அம்மாவுக்குச் சொன்ன பயிற்சிகளில் மூன்று:

* நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையை நேராகப் பின்னால் இழுத்து 5 விநாடி நிறுத்துவது. 10 முறை.
* இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்புறம் ஒன்றோடொன்று நெருக்கி 5 விநாடி நிறுத்துவது. 10 முறை.
* காது தோளை நோக்கிப் போகும்படி தலையை மெதுவாகச் சாய்த்து, 20 விநாடி வைத்திருப்பது. பக்கத்துக்கு 3 முறை.

பயிற்சியின்போது லேசாக இழுக்கலாம். சுருக்கென்று குத்தினாலோ, கைக்குள் வலி இறங்கினாலோ நிறுத்திவிடுங்கள். உங்கள் வலிக்கான பயிற்சி எது என்பதை பிசியோதெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும்.

உடனே டாக்டரிடம் போக வேண்டியது எப்போது?

நெஞ்சு, இடது கை, தாடையில் வலியோடு வியர்த்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். கை கால் மரத்துப்போய் பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, வலியோடு காய்ச்சல் ஆகியவையும் அவசரமே. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் தேய்க்காதீர்கள். அது ரத்தக் கட்டியாக இருக்கலாம்.

செலவுக்குப் பயமா?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு. நடமாட முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அம்மா இந்த முறை பயிற்சியை விடவில்லை. பாபின் நூல் தீரும்போதெல்லாம் எழுந்து, தோள்பட்டையை நெருக்கி பத்து எண்ணுகிறார். தனியாக நேரம் ஒதுக்கவில்லை, வேலைக்கு நடுவிலேயே ஓர் இடம் கொடுத்துவிட்டார். இந்த வருடத் தீபாவளித் துணிகளில் ஒன்றுகூட வேறு டெய்லரிடம் போகவில்லை!