கோகோ வேரடியில் குடியிருப்போர்

கோகோவுக்கு நிழல் வேண்டும். சித்திரை வெயில் அதற்கு ஆகாது. தமிழ்நாட்டில் இதைப் பார்க்கப் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்குப் போக வேண்டும். அங்கே இது ஊடுபயிர்.

மரத்தடியில் சருகை விலக்கினால் மேல்மண்ணிலேயே மெல்லிய ஊட்டுவேர்கள் பின்னிக் கிடக்கும். அவற்றை ஒட்டிய மண்ணில்தான் பாக்டீரியாக்கள் நெருக்கியடித்து வாழ்கின்றன. வேர் கசியவிடும் சர்க்கரையும் அமிலங்களும் அவற்றுக்குச் சாப்பாடு. இந்த மண்ணுக்கு 1904இல் 'ரைசோஸ்பியர்' என்று பெயர் வைத்தவர் ஜெர்மானியரான லோரென்ஸ் ஹில்ட்னர்.

இவற்றில் கெட்டிக்காரப் பாக்டீரியா சூடோமோனாஸ் புட்டிடா. கரையாமல் கிடக்கும் பாஸ்பேட்டைக் கரைத்து வேருக்கு எட்டவைக்கும். இரும்புச்சத்தை வளைத்துப் பிடிக்க மஞ்சள்பச்சை நிறமி ஒன்றைச் சுரக்கும். புறஊதா விளக்கில் அது ஒளிரும். இரும்பு கிடைக்காத நோய்ப் பூஞ்சைகள் திணறும். காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இந்தப் பாக்டீரியாவை டால்க் பொடியில் கலந்து, 'கோகோ புரோபயோ' என்ற பெயரில் கோகோ நாற்றுகளுக்காக உருவாக்கியது.

நெல் விவசாயிகளுக்கு இதன் பங்காளியைத் தெரியும்: சூடோமோனாஸ் புளோரசன்ஸ். விதைநேர்த்திக்குக் கிலோ விதைக்கு 10 கிராம். ரசாயன மருந்தோடு ஒரே வாளியில் கலக்கிவிட்டு, 'பலனே இல்லை' என்று பாக்டீரியாவைக் குறை சொல்வது நியாயமில்லை.