வீட்டு டிராக்டருக்கு வயது என்ன?

ஊரில் நிற்கும் பழைய டிராக்டரை விற்பதா, வைத்திருப்பதா என்ற பேச்சு நம் சங்கக் குடும்பங்கள் சிலவற்றிலும் உண்டு. அதற்கு முன் அது எந்த மாடல், எந்த வருடத்தியது என்று பார்த்துவிடுவது நல்லது. பானெட்டில் உள்ள பெயரையும் பெயிண்டையும் நம்ப வேண்டாம். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அடித்த சிவப்புக்குக் கீழே எதுவும் இருக்கலாம்.

என் மனைவியின் ஊர் நாராயணவனம். முன்பு சித்தூர் மாவட்டம், 2022 முதல் திருப்பதி மாவட்டம். அங்கே கொட்டகையில் உள்ள மாஸி பெர்குசன் 35 வண்டியை தாத்தா 1957-இல் வாங்கினார் என்பது குடும்பப் பேச்சு. அவர் 1958-இல் காலமானார். ஆர்.சி. புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது.

ரயில்வேயில் எஞ்சினின் வயதைக் கேட்டால் முதலில் தகட்டைத்தான் தேடுவோம். இந்த டிராக்டரில் அது ஸ்டியரிங்குக்குக் கீழே, மீட்டர் பலகையில் இருக்கும். கம்பி பிரஷ் போடாதீர்கள், எழுத்து போய்விடும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் படிந்துவிடும்.

எங்கள் தகட்டில் கோவென்ட்ரி என்ற ஊர்ப்பெயரும், எண்ணுக்கு முன் எஸ்.என்.எம். என்ற எழுத்துகளும் இருந்தன. நடு எழுத்துதான் முக்கியம். 'டி' என்றால் ஸ்டாண்டர்டு கம்பெனியின் நான்கு சிலிண்டர் டீசல். குளிரில் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 'என்' என்றால் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர். அது இந்த மாடலுக்கு வந்ததே 1959 கடைசியில்தான். கோவென்ட்ரியில் 35 தயாரிப்பு 1964-இல் முடிந்து 135 வந்தது. இஞ்செக்டர்களை எண்ணினோம், மூன்று. "எஞ்சினைப் பிறகு மாற்றியிருக்கலாமே மாமா?" என்றார் மைத்துனர். நியாயமான கேள்விதான். மாற்றியிருந்தால் தகடு 'டி' என்றே சொல்லியிருக்கும்.

ஆக, தாத்தா வாங்கியிருக்க முடியாது. அவருக்குப் பின் நிலத்தைப் பார்த்தவர் பாட்டி. வாங்கியது அவர்தான் என்பதை மைத்துனர் சுலபத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. என் மாமியார் மட்டும், "அத்தையின் காசுமாலை புத்தூர் அடகுக் கடைக்குப் போய் நாலு வருஷம் கழித்துத்தான் திரும்பியது" என்றார். இதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

உங்கள் தகட்டில் மெட்ராஸ் என்றிருந்தால் அது டாஃபே வண்டி. அந்தக் கம்பெனி தொடங்கியது 1960-இல். வண்டி அதற்கு முந்தியதாக இருக்காது. தகடே போய்விட்டிருந்தால் டைனமோவைப் பாருங்கள். லூகாஸ் சாமான்களில் மாதமும் வருடமும் குத்தியிருப்பார்கள். ஆனால் டைனமோ அடிக்கடி மாற்றப்படும் சாமான்; அதைத் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.